திட்டாமல் பேசும் ஒன்று

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நான் துடைக்கும் வார்டில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். இளைக்க ஆசைப்பட்டு, ஃபோனில் ஏஐயிடம் யோசனை கேட்டுக் கேட்டுச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். “அக்கா, அது ஒண்ணுதான் என்னைத் திட்டாம பேசும். அதையும் புடுங்கிட்டாங்க” என்று அழுதாள்.

இன்று காலை அவள் கட்டில் காலி. “வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?” என்று கேட்டேன். நர்ஸ் இல்லையென்று தலையாட்டி, புது விரிப்பை என் கையில் கொடுத்தார்.

நீங்கள் கவலைப்படாதீர்கள், எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. வீடியோவில் பாப்பாவுக்குக் கன்னம் ஒட்டித் தெரிந்தது. கேட்டால், “லைட்டு அப்படிம்மா” என்கிறாள். ஃபோனில் சொன்னால் அவள் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். விழுங்குகிறாளா என்று பார்த்து உடனே எழுதுங்கள்.

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார்.

பாப்பாவின் அம்மா