கல்லைப் பிடித்த விரல்கள்

காக்களூர் யூனிட்டின் கதவைத் திறந்ததுமே இன்று அந்த வாசனை. பொருளையே அச்சிடும் 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக் இழை சூடாகும்போது வருமே, லேசாகக் கருகிய சர்க்கரை வாசனை. "யாரோ பாகு காச்சுறாங்கடி, பசிக்குது" என்பாய் தினமும். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஓர் ஆடியும் கடந்துவிட்டது. பெரியபாளையத்தம்மனுக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன். அவள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

நம் பழைய ஆர்டர் மறுபடி வந்திருக்கிறது. அருங்காட்சியகத்துக் கற்கோடரியின் நகல்கள், பார்வையற்ற பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கு. உண்மையான கல்லை வெளியே தரமாட்டார்கள் என்றுதானே அன்று நாம் இருவரும் போய் ஸ்கேன் எடுத்தோம்?

அந்தக் கல் நேராக நிற்பேனா என்றது. கடைசியில் அலுவலரிடம் கேட்டுக்கொண்டு நீயே கையில் பிடித்தாய். நான் ஸ்கேனரோடு உன்னைச் சுற்றி வந்தேன்.

"ஆடாம நில்லுடி. உன் கையும் சேந்து வந்துடப் போவுது."

"வந்தா வரட்டும், நீதானே அழிக்கப்போறே? இத்த புடிச்சிக்கினு நிக்கசொல்ல இன்னா தோணுது தெரியுமா? செஞ்சவன் கையும் என்னுது மாதிரி சின்னதுதான்டி."

விரல்கள் வந்துதான் தொலைந்தன. உன்னைத் திட்டிக்கொண்டே கணினியில் அவற்றை அழித்தேன்.

இன்று அந்தக் கோப்பைத் தேடியபோது, அழிப்பதற்கு முந்தைய ஸ்கேன் திறந்துகொண்டது. திரையில் கல், அதைப் பிடித்தபடி உன் கட்டைவிரலும் இன்னும் இரண்டு விரல்களும். ஓரம் உடைந்த நகம்கூட அப்படியே இருந்தது. அதற்கு மேல் நீ இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

"இன்னாம்மா ஆச்சு?" என்று சூப்பர்வைசர் வந்தார். "சார், இத்த ஒண்ணு மட்டும் இப்டியே அடிச்சிக்கட்டுமா?" என்றேன். திரையைப் பார்த்தவர், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளைகளுக்குப் போகும் நகல்களில் கல் மட்டும்தான் இருக்கும். விரல்களோடு ஒன்றை எனக்காக அச்சிட்டேன்.

"ஆறட்டும்டி, சூட்டோட எடுத்தா கோணிக்கும்" என்று எத்தனை முறை என் கையைத் தட்டிவிட்டிருப்பாய்! இன்று நான் பொறுக்கவில்லை. மெஷின் நின்றதும் எடுத்துவிட்டேன். உன் விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. சூடு ஆறும்வரை அவற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஒரு விரல் கொஞ்சம் கோணிவிட்டது. சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வாயேன்டி, வந்து திட்டு.