கதம்பப் படிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறார்களா? நான் சௌக்கியம்.

"அது என்ன கதம்பப் படிப்பு? உருப்படியா ஒண்ணைப் படிக்கக் கூடாதா?" என்றீர்களே, கேளுங்கள். இங்கே கல்லூரியில் 'ஆறு' என்று ஒரு பாடம். இயற்பியல் சாரும் வரலாற்று மேடமும் சேர்ந்தே நடத்துகிறார்கள். ஆற்றங்கரை ஊர் ஒன்று ஏன் பாழடைந்தது என்று நேற்று இருவருக்கும் முட்டிக்கொண்டது. மேடம் வரிக்கொடுமை என்றார். சார், வண்டல் சேர்ந்து ஆறே விலகிவிட்டது என்றார். குரல் ஏறியதும் நம் வீட்டுச் சண்டை ஞாபகத்தில் நான் ஓடிப்போய் நடுவில் நின்று, "விடுங்க சார், போதும்" என்றுவிட்டேன். வகுப்பே சிரித்தது.

"தடுக்காதம்மா, இதுதான் பாடமே! நீ யார் பக்கம்?" என்றார் மேடம்.

பிறகு சார் பலகையில் கணக்குப் போட, மேடம் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அவ்வளவு படித்தவர், எல்லார் முன்னாலும்! எனக்குப் புல்லரித்துவிட்டது அப்பா.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே என்னிடம் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் போன் பண்ணி என்னோடு சண்டை போடச் சொல்லுங்கள். காரணம் எதுவானாலும் சரி.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் சின்னவள்