ஐந்து நிமிடக் கைக்குட்டை

6 ஜூலை, ஞாயிறு

ஈசூன் மார்க்கெட்டில் நெத்திலி நன்றாக இருந்தது, அரைக் கிலோ வாங்கினேன். மதியம் வீட்டுக்காரர் சுந்தரேசனும் நானும் டிவியில் படம் பார்க்க உட்கார்ந்தோம். கதாநாயகனின் இதயம் நின்று, மானிட்டரில் நேர்கோடு ஓடுகிறது. டாக்டர் ஓடி வந்து ஷாக் கொடுக்கிறார்! “நேர்கோட்டுக்கு ஷாக் வேலை செய்யாது, நெஞ்சை அமுக்கணும்” என்றேன். சுந்தரேசன் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

“உன்னோட படம் பாக்குறது டிரெய்னிங் கோர்ஸ் மாதிரி இருக்கு லா.”

நான் என்ன செய்வேன்? பத்தொன்பது வருடமாக ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் நிற்கும் நர்ஸ். இந்த மாதிரிப் பொய்யைப் பார்த்தால் வாய் சும்மா இருப்பதில்லை.

12 ஜூலை, சனி

இவர் நாடகம் எழுதி முடித்துவிட்டார். பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை முடித்து வந்து, சாப்பாட்டு மேசையில், நான்கு மாதம் கையால் எழுதியது. முதல் நாடகம். ஃபேரர் பார்க் நாடகக் குழு ஆகஸ்ட்டில் மேடையேற்ற ஒன்று தேடிக்கொண்டிருக்கிறது. இன்று அங்கே வாசிப்பு. நீயும் வா என்றார். போனேன்.

கதையில் வில்லன் ஒரு பெண்ணைக் கடத்த வருகிறான். கைக்குட்டையில் குளோரோஃபார்ம். மூக்கில் வைத்ததும் இரண்டே வினாடியில் சரிந்துவிடுகிறாள்.

சிரித்துவிட்டேன். சத்தமாக. அதோடு நின்றேனா? “ரெண்டு செகண்டா! அஞ்சு நிமிஷமாவது அமுக்கிப் பிடிக்கணும். அதுவரைக்கும் அவ சும்மாவா இருப்பா?” கூடமே சிரித்தது. வில்லன் வேடம் வாசித்த முகமது இஸ்மாயில், தேக்காவில் கைபேசிக் கடை வைத்திருப்பவர், “அஞ்சு நிமிஷமா? என் கை என்னத்துக்கு ஆகும் லா!” என்றார். மறுபடியும் சிரிப்பு. குழுத் தலைவி பஞ்சவர்ணம் அக்கா, அடுத்த வாரம் முடிவு சொல்கிறேன் என்றார்.

திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில் இவர் நாடகத் தாள்களைச் சுருட்டிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

13 ஜூலை

மேசையில் நாடகத்தைக் காணோம். கேட்டேன். “ஷூட்டுல போட்டுட்டேன்.” அடுக்களைக் குப்பைக் குழாயில், பதினோராம் மாடியிலிருந்து. இனி எழுதப் போவதில்லையாம்.

எனக்குக் கொழுப்பு, வேறென்ன? நாலு மாசம் அந்த மனுஷன் தூக்கத்தை விட்டு எழுதினாரு. நான் ரெண்டு நிமிஷத்துல — ச்சே. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

15 ஜூலை, செவ்வாய்

வேலை முடிந்து நேராக இஸ்மாயில் கடைக்குப் போனேன். வாசிப்புக்குக் கொடுத்த நகல் அவரிடம் இருந்தது. “நானும் சிரிச்சேன், தப்புதான்” என்று சொல்லிக் கொடுத்தார்.

மேசையில் வைத்து, மன்னிச்சிடுங்க என்றேன். முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு மூடினார்.

“தப்புன்னு சொன்னது பரவால்ல. எல்லார் முன்னாடியும் சிரிச்சியே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, “சரி, அந்த அஞ்சு நிமிஷத்துல என்னதான் நடக்கும்?” என்றார்.

சொன்னேன். ஆவி நுரையீரலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, மூளைக்கு ஏற நேரமாகும். அதற்குள் ஆள் திமிறும், உளறும். கொஞ்சம் கூடிப்போனால் இதயமே நின்றுவிடும். அதனால்தான் இப்போது எந்த ஆஸ்பத்திரியிலும் அதைத் தொடுவதில்லை.

“உங்க ஆபரேஷன் ரூம்ல?”

“வெள்ளையா ஒரு ஊசி மருந்து. ஒரு நிமிஷம்கூட ஆகாது.”

“அதுவரைக்கும் நீ என்ன செய்வ?”

“கையைப் பிடிச்சுக்குவேன். பயந்துபோய் இருப்பாங்க இல்ல? என்ன சமைச்சீங்க, பிள்ளைங்க என்ன படிக்கிறாங்கன்னு பேச்சுக் குடுப்பேன். பாதி பதில்லயே தூங்கிடுவாங்க.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலையைப் பற்றி இவர் இவ்வளவு கேட்டது கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. சோறு ஆறிப்போனது. பரவாயில்லை.

20 ஜூலை, ஞாயிறு

காட்சியை மாற்றி எழுதிவிட்டார். முழுசாக ஐந்து நிமிடம். அவள் உதைக்கிறாள், கடிக்கிறாள். வில்லனுக்கே பயம் வந்து அவளிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பிக்கிறான். பஞ்சவர்ணம் அக்கா படித்துவிட்டு, “இதைத்தான் போடுறோம்” என்றார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

9 ஆகஸ்ட்

தேசிய தின விடுமுறையிலும் ஒத்திகை. இஸ்மாயிலுக்கு நிஜமாகவே கை வலி. கதாநாயகி பவித்ராதான் கோடாலித் தைலம் கொடுத்தாளாம்.

23 ஆகஸ்ட், சனி

அரங்கம் நிறைந்துவிட்டது. முதல் ஒரு நிமிடம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு வில்லன், “உனக்காக வீட்டுல யாரு முழிச்சிருப்பா?” என்று கேட்கிறான். அவள் குழறிக்கொண்டே அம்மா, தங்கை என்கிறாள். சிரிப்பு நின்றது. அவன் கைக்குட்டையை எடுத்துவிட்டு அழுகிறான். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

கடிகாரத்தில் பார்த்தேன்: நான்கு நிமிடம் பத்து வினாடி. ஐந்து ஆகவில்லை. வாயைத் திறக்கவே இல்லை நான்! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

புது நோட்டு. முதல் பக்கம் எழுதி, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் முன்னால் வைத்தார். ஆபரேஷன் அறையில் ஆரம்பிக்கிறது கதை.

“படி. சிரிப்பு வந்தா இங்கயே சிரிச்சிடு.”

மூன்றாவது வரியில் நோயாளி மயக்கத்தில் இருந்துகொண்டே டாக்டரோடு சண்டை போடுகிறார். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.