கட்டைவிரல்: மேல், மேல், கீழ்

ஜூலை 9, செவ்வாய்

சேலத்திலிருந்து இன்னும் போன் வரவில்லை.

சித்தேரிப் பெரியவர் கால் மரத்துப்போய் ஐந்து நாளாக எங்கள் வார்டில் இருந்தார். கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலை அசைத்து, மேலே போகிறதா கீழே போகிறதா என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார் என்று மாணவர்கள் தினமும் எழுதிவைத்தார்கள். அதை நம்பி, சத்து ஊசி மட்டும் போடச் சொல்லியிருந்தேன்.

இன்று காலை ரவுண்ட்ஸில் நானே விரலைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "மேல" என்றார். மறுபடியும் கீழே. "மேல." அடுத்து மேலே தூக்கினேன். "கீழ" என்றார்.

"விரல் அசையறது தெரியுதுங்களா?"

"அது தெரியாமப் போயி நாலு நாளாச்சுங்க சார். புள்ளைங்க எல்லாரும் மேல, மேல, கீழன்னுதான் ஆட்டறாங்க. தப்பா சொன்னா அதுங்களுக்கு மார்க்கு போயிருமேன்னு அப்படியே சொல்லிட்டேனுங்க."

ஸ்கேனில், தண்டுவடத்தை ஒரு கட்டி அழுத்திக்கொண்டிருந்தது. மதியமே ஆபரேஷனுக்குச் சேலத்துக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினேன். "இத்தனை நாள் என்ன சார் பண்ணீங்க?" என்று, அனுப்புமுன் நான் போன் செய்தபோது கேட்டார் அந்த ஊர் சர்ஜன். பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மாணவர்களைத் திட்டப் போனேன். திட்ட முடியவில்லை. அந்த வரிசை முதல் வகுப்பில் நான் செய்து காட்டியது. இருபது வருடமாக நரம்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மேல், மேல், கீழ்தான்.

அவர்களெல்லாம் இப்போது டாக்டர்கள். பொம்மிடியில், அரூரில், இன்னும் எங்கெங்கோ, யாருடைய விரலையோ அப்படியேதான் அசைத்துக்கொண்டிருப்பார்கள்.