முதலை இல்லை என்று சொன்னவனுக்கு

தம்பி என்று எழுத மனம் வராத கொட்வினுக்கு,

வெம்பிளிக் கலியாணத்தில் என் அக்காவின் மகள் கோசிகா, "மாமா, நீங்கள் லைபீரியாவில முதலையே காணேல்லையாம். கொட்வின் அங்கிள் சொன்னவர்" என்றாள். மண்டபமே சிரித்தது.

துரோகி! அங்கே சண்டை ஓய்ந்த புதிதில், லண்டனுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்ட் எங்கள் இருவரையும் நடுவழியில் விட்டுவிட்டு ஓடியபோது, என்னோடு ஒரே பாயில் படுத்தவன் நீ. முதலையை உதைத்தேன் என்று நான் சொன்னால், "ஓம்" என்று தலையாட்ட உனக்கு என்ன குறை? இந்த லண்டனில் லைபீரியா பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்?

அங்கே எங்களுக்குச் சோறு போட்ட சனங்களைப் பற்றியும் சொன்னாயாம். யார் கேட்டது?

கோசிகா நேர்ஸ் வேலைக்கு அங்கே போகப்போகிறேன் என்ற நாளிலிருந்துதான் நான் முதலைகளைக் கூட்டினேன். ஒன்று ஏழானது. அவளும் பயந்துபோய்ப் பயணப் பேச்சை விட்டிருந்தாள். உன் கதையைக் கேட்டு இப்போது டிக்கெட் எடுத்துவிட்டாள்.

நல்ல சனம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மழைக்காலத்தில் அந்தச் செம்மண் ரோட்டில் லொறி புரண்டு ஆட்கள் செத்ததை நீயும் பார்த்தாய். "இருட்டில பயணம் செய்யாத, மோட்டார் சைக்கிளில ஏறாத பிள்ளை" என்று நேற்றுச் சொன்னேன். "இதுவும் உங்கட முதலைதானே மாமா" என்று சிரிக்கிறாள்.

நீ சொன்னால் நம்புவாள். அவள் பிளேன் ஏறுமுன் என் வீட்டுக்கு வந்து அந்த ரோட்டைப் பற்றி அவளுக்குச் சொல். கதவை நான்தான் திறப்பேன். ஆனால் உன்னோடு ஒரு சொல்லும் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
அவளுடைய மாமா