இரண்டு குடங்களும் ஒரு பழியும்

குருநகர்,
ஞாயிறு மாலை.

என் அன்பிற்குரிய கணவர் அருட்செல்வனுக்கு,

நானும் பிள்ளையும் நலம். கட்டார் நாட்டு வெயில் உங்களை வாட்டாதிருக்கட்டும். பிள்ளைக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்க மறுக்கிறாள்.

நேற்றுத் தொலைபேசியில், "சங்கத் தலைவர் பதவியை விட்டிட்டு ஒதுங்கி நில்லும், ஊரோடை பகை வேண்டாம்" என்றீர்கள். உங்கள் தம்பி சுரேஸ் சொன்ன கதையை மட்டும் கேட்டுச் சொன்னீர்கள். நடந்ததை நான் எழுதி, படமெடுத்து இப்போதே உங்கள் தொலைபேசிக்கு அனுப்புகிறேன்.

நம் நண்டை மலிவாக வாங்கும் முதலாளியை விட்டு நீங்கி, நம் இளைஞர் கூட்டுறவுச் சங்கமே நண்டைக் கொழும்புக்கு அனுப்புவதா என்று கூட்டத்தில் கேட்டேன். ஆண்கள் அனைவரும் கை உயர்த்தினர். பெண்களில் ஒருத்தியும் உயர்த்தவில்லை. பெண்களே மிகுதியாதலால் தீர்மானம் தோற்றது.

"பொம்பிளையளை வைச்சுச் சங்கம் நடத்தினா இப்பிடித்தான். நண்டைக் கண்டாலே கத்துவாளவை" என்று சுரேஸ் நகைத்தான். "நீ பிடிக்கிற நண்டை உடைச்சுத் துப்பரவாக்கிறதே நாங்கள்தான், தம்பி" என்றாள் டிலக்ஷி.

முதலாளியின் ஆள் வாசலில் நின்றதை நான் கண்டேன். ஆண் உயர்த்தும் கையைத் துடிப்பு என்பார்கள். பெண் உயர்த்தும் கையைத் திமிர் என்று அன்றே அவள் தந்தையிடம் சொல்வார்கள். ஆகவே, மறைவாக்கெடுப்பு வைத்தேன். ஆண்களுக்கு ஒரு குடம், பெண்களுக்கு ஒரு குடம். சம்மதமெனில் சிப்பி, மறுப்பெனில் கல். பெண்களின் குடத்தில் சிப்பி நிறைந்திருந்தது. ஆண்களின் குடத்தைக் கவிழ்த்தேன், கல்லே கொட்டியது. தீர்மானம் வென்றது.

முதலாளியை இழக்க அஞ்சுவது குற்றமன்று. நான் எவரையும் ஏளனம் செய்யவில்லை. ஆனால், "குடத்தை மாத்திப் போட்டாளவை!" என்று சுரேஸ் பழி சுமத்தினான், ஆண்கள் தலையசைத்தனர். தம் நெஞ்சில் அச்சமுண்டு என்று ஒப்புவதைவிட, உடன் உழைக்கும் பெண்களை வஞ்சகர் என்று நம்புவது அவர்களுக்கு எளிதாயிருக்கிறது!

நான் விலகினால் அப்பழி உண்மையாகிவிடும். விலகமாட்டேன். நாளை மாலை கொழும்பு வண்டி புறப்படும்; முன்னிருக்கையில் நானும் டிலக்ஷியும் இருப்போம். ஆனால் கடலில் வலை வளைத்து நண்டு பிடிப்பவர்கள் ஆண்கள். அவர்கள் நண்டைத் தர மறுத்தால் வெறும் வண்டிதான் போகும். சங்கமும் அத்தோடு முடியும்.

சுரேஸ் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படுவான். அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். எனக்காகச் சான்று கூறவும் வேண்டாம். நீங்கள் வெளிநாடு புறப்பட்ட அன்று, வானூர்தி நிலையத்தில், "பயமாக் கிடக்கு, லவீனா" என்று என் காதில் சொன்னீர்கள். அச்சத்தைச் சொல்லிவிட்டுத்தான் துணிந்து போனீர்கள். இன்றே அவனை அழைத்து அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்.

தாய் மரியாள் உங்களுக்குத் துணை நிற்பாராக.

உங்கள்,
லவீனா