நூலளவு அசைவு

ரங்கத், அந்தமான்
12 ஜூன் 1977

அன்புள்ள சுசீலாவுக்கு, அண்ணி சந்திரமதி எழுதுவது.

மகன் பிறந்திருக்கிறான். தந்தி கிடைத்திருக்கும். உன் அண்ணாவின் நெற்றி அப்படியே. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாதான் பத்தியச் சமையல். “சிந்தா மத் கரோ”, கவலைப்படாதே என்று இந்தியில் சொல்லிக்கொண்டே மீனை நீட்டுகிறாள்.

ரோடு வேலையில் மயங்கி விழுந்த உன் அண்ணாவைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கப்பலேற்றியபோது நான் பிள்ளைத்தாய்ச்சி. கூட வர விடவில்லை. கண் திறந்திருந்தாலும் அவருக்கு நினைவில்லை என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். இருக்கட்டும். பையன் பிறந்ததை அவர் காதில் சொல். சொன்னாயா என்று எழுது.

அண்ணி,
சந்திரமதி

சென்னை
3 ஜூலை 1977

அன்புள்ள அண்ணிக்கு,

சொன்னேன் அண்ணி. அண்ணாவுக்கு எல்லாம் கேட்கிறது!

மங்கையர்க்கரசி என்று ஒரு இன்ஜினியர். அண்ணாவின் கண்ணுக்கு மேலும் கீழும் கம்பி ஒட்டினார். கண் திரும்பும்போது துளி மின்சாரம் உண்டாகுமாம். அதைப் பல மடங்கு பெருக்கி, எண்களாக்கி, பீரோ உயரக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறார்கள். “மேலே பாருங்கள் ஜெகநாதன்” என்றார். மேலே பார்த்தார்! நூலளவு அசைவு. இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்று அழுதேன்.

இப்போது பலகையில் எழுத்துகளுக்குக் கீழே பல்பு ஒவ்வொன்றாக எரியும். வேண்டிய எழுத்து வரும்போது மேலே பார்ப்பார். ஃபேன் மின்சாரம் கலந்துவிடும் என்று அதை அணைத்துவிடுகிறார்கள். வியர்த்தால் கம்பி கழன்றுவிடும். ஒரு சொல்லுக்குள் ஒரு காலை போய்விடும்.

முதல் சொல் உங்கள் பெயர்தான்.

சுசீலா

ரங்கத்
25 ஜூலை 1977

அன்புள்ள சுசீலா,

உன் கடிதத்தை மடித்து வைக்க மனமில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு மெயின்லேண்டுக்கே வந்துவிடுகிறேன். அவர் பேசுவது அங்கேதானே. வரட்டுமா என்று அவரையே கேள்.

சந்திரமதி

சென்னை
14 ஆகஸ்ட் 1977

அன்புள்ள அண்ணி,

கேட்டேன். ‘ரங்கத்’ என்று வந்தது. கம்பி நழுவியிருக்கும் என்று இன்ஜினியர் மறுபடி ஒட்டினார். மறுபடியும் ரங்கத். அங்கேயே வர வேண்டுமாம்.

“அண்ணா, அந்த மிஷின் அங்கே வராதே. திரும்பவும் ஊமையாகிவிடுவாயே” என்றேன். பல்புகள் மறுபடி ஓடின. பிறகு, ‘அவளுக்குத் தெரியும்’ என்றார்.

டாக்டர் கப்பல் பயணத்துக்குச் சம்மதித்துவிட்டார். கூட நானும் வருவேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சுசீலா

ரங்கத்
6 செப்டம்பர் 1977

அன்புள்ள சுசீலா,

அவளுக்குத் தெரியும் என்றாராமே. எனக்கு ஒன்றும் தெரியாது சுசீலா. நீ பக்கத்திலிருந்தே காணாத அசைவு என் கண்ணில் படுமா? அவர் ஒன்று சொல்ல, நான் வேறொன்று புரிந்துகொண்டால்? குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் கூட்டிக்கொண்டு வா. இந்த மழை விட்டதும் வரும் முதல் கப்பல். போர்ட் பிளேர் ஜெட்டியில் பையனோடு நிற்பேன். ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது அவர் முகம் என் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்.

அன்று கூட வராததற்கு என் மேல் கோபமில்லையே என்று அவரைக் கேட்கச் சொல்ல நினைத்தேன். வேண்டாம். அதை நானே கேட்டுக்கொள்கிறேன்.

சந்திரமதி